முதலில் கரையேறிய செடிகள்

இடுக்கி மலையிலும் பாலக்காட்டுப் பக்கத்திலும் பாறைக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஆதிச் செடிகளின் பதிவுகள் கிடைக்குமா என்று மன்ற நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. கிடைக்கா. இங்குள்ள பாறைகளிற் பெரும்பாலானவை 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. செடிகள் கரையேறியது அதற்குப் பிறகே.

பின் எங்கே காண்பது? ஸ்காட்லாந்தில் ரைனி என்பது ஒரு சிற்றூர். 1912 இல் வில்லியம் மாக்கி என்னும் மருத்துவர் அங்கே விந்தையான கல்லொன்றைக் கண்டார். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன், வெந்நீர் ஊற்றில் கரைந்திருந்த சிலிக்கா, செடிகளை நின்ற நிலையிலேயே கல்லாக்கியிருந்தது. கிட்ஸ்டன், லாங் என்னும் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து 1917 முதல் 1921 வரை வெளியிட்டனர். அவற்றுள் ரைனியா ஏறத்தாழ ஒரு சாண் உயரம். இலையில்லை, வேரில்லை, பூவில்லை. கவைகவையாகப் பிரிந்த தண்டு. அதன் நுனியில் ஒரு பை. பைக்குள் ஸ்போர் என்னும் நுண்தூள்.

அந்தத் தூளிலேதான் வெற்றி இருக்கிறது. தோட்ட வேலைக்கு மலையேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன் நான். புது மண்ணில் நிற்பது மட்டும் குடியேற்றமாகாது. அங்கே பிள்ளைகள் தழைக்க வேண்டும். செடிக்கும் அஃதே. ஸ்போரின் உறுதியான மேலுறை வெயிலையும் வறட்சியையும் தாங்கிற்று. காற்று அதனைச் சுமந்து சென்றது. அர்ஜென்டினாவில் கிடைத்த ஸ்போர்கள் 47 கோடி ஆண்டுப் பழமையானவை. முழுச் செடி கிடைக்காத காலத்திற்கும் அவையே சான்று!

ஆயினும் நீரின் உறவு அறவில்லை. ஸ்போர் முளைத்துத் தோன்றுவது வேறொரு சிறு செடி. ஆண், பெண் உறுப்புகள் அதில்தான் உண்டு. ஆண் அணு நீரில் நீந்தியே பெண் அணுவை அடையும். ரைனிக் கல்லில் இத்தகைய சிறு செடியையும் கண்டறிந்து, ரெமி இணையர் 1980 இல் பெயரிட்டனர்.

இந்த வாழ்க்கைமுறை இன்றும் நம் மலையில் நடக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஓடைக்கரையில் வளரும் பெரணியின் இலையைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் யாவும் ஸ்போர்ப் பைகளின் கூட்டம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரங்களைப் பற்றி வளரும் சைலோட்டமோ, ரைனியாவை அச்சாக உரித்தது போலிருக்கும். அதனை ரைனியாவின் நேர் வழித்தோன்றல் என்றே முன்னாளில் பலர் கருதினர். மரபணு ஆராய்ச்சியோ அது பெரணிக்கு உறவு என்கிறது. தோற்றம் ஒன்றாயிருப்பதாலேயே உறவென்று துணியலாகாது என்பதற்கு இது நல்ல பாடம்.

ஆகவே நண்பர்களே, விடுமுறையில் மலைக்குச் செல்லும்போது ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியைக் கொண்டு செல்லுங்கள். களையென்று நாம் மிதித்துச் செல்லும் பசுமையில் நிலவுலகின் முதல் வரலாறு இன்னும் எழுதப்பட்டு வருகிறது.