வாட்ச்டாக் டைம்அவுட்: நொடிக் கணக்கை யார் கையில் கொடுப்பது?

1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று லேத், பிரஸ் சத்தத்துக்கு நடுவே லினக்ஸ் ஓடும் சின்னச் சின்ன கண்ட்ரோல் போர்டுகளும் உருவாகின்றன. ஜெனரேட்டரைக் கண்காணிப்பவை, பம்ப் ஓட்டுபவை, வண்டியில் ஏறுபவை எனப் பல வகை. அவை போய் உட்காரும் இடம் ஆவடியில் ஒரு பம்ப் ரூமாக இருக்கலாம், பூந்தமல்லியில் ஒரு அடுக்குமாடியின் ஜெனரேட்டர் அறையாக இருக்கலாம். அங்கே போர்டு ஹேங் ஆனால், ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டும். அந்தப் பயணத்தை மிச்சப்படுத்துவதுதான் வாட்ச்டாக் டைமர். தானாக இறங்கிக்கொண்டே வரும் எண்ணி அது. அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள் மென்பொருள் ‘பிங்’ செய்து மறுபடி மேலே ஏற்றிவிட வேண்டும். தவறினால் போர்டை ரீசெட் செய்துவிடும்.

பிரபலமான சில்லுகளுக்கு இதன் டிரைவர் கர்னலோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. ஆனால் ஐஐடி மெட்ராஸின் சக்தி சில்லு 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டிய பிறகு, நம் ஊர் சில்லுகளுக்கு நாமே டிரைவர் எழுதும் காலம் வந்திருக்கிறது. முதல் முயற்சியில் எழுதப்படும் டிரைவரில் பொதுவாக இரண்டே வேலைகள் இருக்கும்: தொடங்கு, பிங் செய். எத்தனை நொடி என்பது கோடுக்குள்ளேயே பதிந்திருக்கும். அதில் டைம்அவுட் கட்டுப்பாட்டைச் சேர்க்கும்போது எந்த வழியை எடுப்பது என்பதே இங்கே பேச வேண்டியது.

நொடியை மாறாத எண்ணாகவே விட்டுவிடுவது எளிய வழி. ஒரே பொருள், ஒரே மென்பொருள், எல்லாம் ஒரே குழுவின் கையில் என்றால் அதில் பெரிய தவறில்லை. சிக்கல் கரண்ட் போய் வரும்போது தெரியும். திடீரென அணைந்த போர்டு மறுபடி எழும்போது மெமரி கார்டைச் சோதித்துச் சரிசெய்ய நேரம் எடுக்கும். பூட்லோடர் தொடங்கிவைத்த வாட்ச்டாக் அதுவரை பொறுக்காவிட்டால் சோதனைக்கு நடுவிலேயே ரீசெட் விழும். மறுபடி சோதனை, மறுபடி ரீசெட். காப்பாற்ற வைத்ததே போர்டை எழவிடாமல் செய்துவிடும். ஆகவே ‘குறைந்த நொடி வைத்தால் அதிகப் பாதுகாப்பு’ என்ற நம்பிக்கையை முதலில் கைவிடுங்கள்.

அடுத்து மாட்யூல் பாராமீட்டரும் டிவைஸ் ட்ரீயும். இவை இரண்டில் எது என்று பலர் குழம்புகிறார்கள். தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. லினக்ஸின் வாட்ச்டாக் கட்டமைப்பில் ‘வாட்ச்டாக்_இனிட்_டைம்அவுட்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. மாட்யூல் பாராமீட்டரில் செல்லத்தக்க எண் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் டிவைஸ் ட்ரீயின் ‘டைம்அவுட்-செக்’ மதிப்பைப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால் டிரைவர் வைத்திருந்த எண் அப்படியே நிற்கும். ஒரே வரியில் இரண்டும் கிடைக்கிறது. போர்டைக் கட்டுபவர் டிவைஸ் ட்ரீயில் எழுதட்டும், களத்துக்குப் போகும் டெக்னீஷியன் பாராமீட்டரில் மாற்றட்டும். மாற்றத்துக்கு ரீபூட் வேண்டும் என்பதுதான் குறை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டுமானால் ஐஆக்டல் வழியாக ‘செட்_டைம்அவுட்’ வசதி தர வேண்டும். ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு முன் நேரத்தை நீட்டி, முடிந்ததும் குறைத்துக்கொள்ள இதுவே வழி. டிரைவர் எழுதுபவரின் நேர்மை சோதிக்கப்படுவதும் இங்கேதான். ராஸ்பெர்ரி பையின் வாட்ச்டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணி 20 பிட், நொடிக்கு 65,536 முறை இறங்குகிறது. மொத்தம் ஏறக்குறைய 16 நொடிதான் கொள்ளும். எல்லையைச் சோதிக்காத டிரைவரிடம் 30 நொடி கேட்டால், மேல் பிட்கள் வெட்டுப்பட்டு 14 நொடி மட்டுமே பதிவாகும். 32 கேட்டால் பூஜ்யம்! பயனருக்கோ கேட்டது கிடைத்ததாகவே தெரியும். ஆகவே செட்_டைம்அவுட்டில், வன்பொருள் உண்மையில் ஏற்றுக்கொண்ட நொடியையே டைம்அவுட் புலத்தில் எழுதிவையுங்கள்; கேட்ட செயலிக்கு கர்னல் திருப்பித் தருவது அந்த எண்ணைத்தான்.

மேல் எல்லையைச் சொல்ல இரண்டு புலங்கள் உண்டு. இந்த இடத்தில் நிதானம் தேவை. ‘மேக்ஸ்_டைம்அவுட்’ வைத்தால் அதற்கு மேல் கேட்பவரை கர்னல் மறுத்துவிடும். ‘மேக்ஸ்_ஹெச்டபிள்யூ_ஹார்ட்பீட்_எம்எஸ்’ வைத்தால் கதை வேறு: செயலி 60 நொடி கேட்கலாம், 16 நொடி எண்ணியை கர்னலே இடையிடையே பிங் செய்து இழுத்துக்கொண்டு போகும். ஆனால் இதை வைத்த கணமே மேக்ஸ்_டைம்அவுட் கணக்கில் வராது. பிழையான செயலி பல மணி நேரம் கேட்டாலும் கட்டமைப்பு தடுக்காது. என் தீர்ப்பு இது: வன்பொருளே ஒரு நிமிடத்துக்கு மேல் எண்ணுமானால் மேக்ஸ்_டைம்அவுட் போதும். ஐ.எம்எக்ஸ் வரிசைச் சில்லுகளில் பரவலாக உள்ள வாட்ச்டாக் அரை நொடிப் படிகளில் 128 நொடி வரை போகும்; அதற்கு இது நன்றாகப் பொருந்தும். எண்ணி சிறியதென்றால் மட்டும் மேக்ஸ்_ஹெச்டபிள்யூ_ஹார்ட்பீட்_எம்எஸ் தரும் நீட்டிப்பை எடுங்கள். கீழ் எல்லையைச் சொல்லும் ‘மின்_டைம்அவுட்’ எல்லாவற்றுக்கும் கட்டாயம்.

ப்ரீ-டைம்அவுட், அதாவது ரீசெட்டுக்குச் சற்று முன் எச்சரிக்கும் இண்டரப்ட், வன்பொருளில் இருந்தால் சேர்க்கலாம். கடைசி நேர லாக்கைப் பிடிக்க உதவும். இல்லாததற்காக வருந்த வேண்டாம்.

லினக்ஸ் இல்லாமல் செஃபிர் போன்ற ஆர்டிஓஎஸ்ஸில் வேலை செய்பவர்களுக்குத் தேர்வு குறைவு. அங்கே டைம்அவுட்டை மில்லிநொடியில் முதலில் பதித்துவிட்டுத்தான் வாட்ச்டாக்கைத் தொடங்க முடியும். கூடவே கடிகாரத்தையும் கவனியுங்கள். எஸ்டிஎம்32 எஃப்103 சில்லின் தனி வாட்ச்டாக் ஓடுவது உள் ஆர்சி ஆசிலேட்டரில். பெயரளவில் 40 கிலோஹெர்ட்ஸ், டேட்டாஷீட்டின்படி 30 முதல் 60 வரை எதுவாகவும் இருக்கலாம். 10 நொடி என்று வைத்தது ஒரு சில்லில் 6.7 நொடியாகும், இன்னொன்றில் 13.3. பாதி நேரத்துக்கு ஒருமுறை பிங் செய்தால் இந்த விலகலிலும் தப்பலாம். லினக்ஸில் சிஸ்டம்டியும் இப்படிப் பாதி இடைவெளியில்தான் பிங் செய்கிறது.

எத்தனை நொடி என்று முடிவு செய்ய, முழுச் சுமையில் உங்கள் செயலி அதிகபட்சம் எவ்வளவு நேரம் பிங் செய்யாமல் இருக்கிறது என்று அளந்து, அதன் இரண்டு மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். பூட் நேரத்தைத் தனியாக அளங்கள். நல்ல கார்டில் மட்டுமல்ல, மின்சாரம் பிடுங்கப்பட்ட கார்டிலும்.

அனுப்பும் முன் இரண்டு சோதனைகளைக் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு செய்யுங்கள். பிங் செய்யும் செயலியை ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறையவையுங்கள். பிறகு சிஸ்ஆர்க்யூ வழியாக கர்னலையே விழச் செய்யுங்கள். நீட்டிப்பு வைத்த டிரைவரில் இரண்டு நேரங்களும் வேறு வேறாக வரும்: செயலி உறைந்தால் கேட்ட 60 நொடி, கர்னல் விழுந்தால் 16 நொடிக்குள். பொருளோடு போகும் கையேட்டில் இரண்டையும் அச்சிட்டுக் கொடுங்கள்.