திசை காட்டும் மென்பொருள்

நுழையுமுன்

கடிதம் உரியவரைச் சேர அஞ்சலகம் வேண்டும். தொடர்வண்டி ஊர் சேர இருப்புப்பாதையும் கைகாட்டியும் வேண்டும். இணையத்தில் செல்லும் செய்திக்கு வழிகாட்டுவது எது? வீட்டிலும் பள்ளியிலும் ஓரமாக ஒளி சிமிட்டிக்கொண்டிருக்கும் சிறு பெட்டிகளுக்குள் இயங்கும் மென்பொருளைப் பற்றியும், அதன் வளர்ச்சியில் தென்சென்னைக்கு உள்ள பங்கைப் பற்றியும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தில் நாள்தோறும் எண்ணற்ற வண்டிகள் வந்து செல்கின்றன. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதல் மின்தொடர்வண்டிகள் ஓடுகின்றன. புறநகர் வண்டிகளும் தென்மாவட்டங்களுக்குச் செல்லும் விரைவு வண்டிகளும் ஒரே நிலையத்தில் கூடினாலும், ஒவ்வொன்றும் தனக்குரிய தடத்திலேயே செல்கிறது. தடத்தை முன்னரே முடிவுசெய்து மாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பயணிகள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இணையமும் அத்தகையதே. தாம்பரத்து மாணவி ஒருத்தி அனுப்பும் நிழற்படம் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு பொட்டலமும் சேருமிடத்தின் முகவரியைத் தாங்கிப் புறப்படுகிறது. வழியிலுள்ள கருவிகள் அம்முகவரியைப் படித்து, அடுத்து எங்கே அனுப்புவது என நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் முடிவு செய்கின்றன.

மூவகைக் கருவிகள்

ஒரே கட்டடத்திற்குள் உள்ள கணினிகளை இணைப்பது சுவிட்ச். ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டுவது ரவுட்டர்; தமிழில் இதனைத் திசைவி என்பர். உள்ளே வரத்தக்கவை எவை, தடுக்கத்தக்கவை எவை எனப் பிரித்தறியும் வாயிற்காவலன் தீயரண். இம்மூன்றும் கணினிகளே. நினைவகமும் செயலியும் இவற்றுக்கும் உண்டு. இவற்றை இயக்கும் இயக்க அமைப்பும் உண்டு.

அவ்வியக்க அமைப்பின் பணி இருவகைப்படும். வழிகளை ஆராய்ந்து அட்டவணை அமைப்பது கட்டுப்பாட்டுப் பணி. அவ்வட்டவணையைப் பார்த்துப் பொட்டலங்களை விரைந்து அனுப்புவது கடத்தும் பணி. முன்னது சிந்திக்கும் மூளை. பின்னது ஓயாது உழைக்கும் கை.

வழி காணும் முறை

இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியைக் கண்டறியும் முறையொன்றை நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் வகுத்தார். தாளும் எழுதுகோலும் இன்றி, காப்பிக் கடையொன்றில் அமர்ந்து ஏறத்தாழ 20 நிமிடங்களில் அதனைக் கண்டறிந்ததாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். 1989இல் வெளியான ஓஎஸ்பிஎஃப் என்னும் நெறிமுறை இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது.

இந்நெறிமுறையின்படி இயங்கும் திசைவிகள் அண்டை வீட்டாரைப் போன்றவை. பொதுவாக 10 நொடிக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று 'வணக்கம்' சொல்லிக்கொள்கின்றன. 40 நொடிகள் வரை ஒரு திசைவியிடமிருந்து குரல் வரவில்லையெனில், அதனுடனான தொடர்பு அறுந்ததாகக் கருதி, ஏனைய திசைவிகள் புதிய வழியைக் கணக்கிடுகின்றன. யாரும் ஆணையிடாமலே மாற்றுவழி பிறக்கிறது.

தென்சென்னையின் பங்கு

இந்தியக் கல்வி நிறுவனங்களைக் கணினி வலையால் இணைக்க 1986இல் எர்நெட் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் பங்கேற்ற நிறுவனங்களுள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை இந்தியாவில் தொடங்கியபோது, அதனை முதலில் பெற்ற நகரங்களுள் சென்னையும் இடம்பெற்றது.

தாம்பரத்திலிருந்து நகருக்குள் செல்லும் பெருவழியில் உள்ள நந்தனத்தில் ஃபியூச்சர் சாஃப்ட்வேர் என்னும் நிறுவனம் இயங்கியது. அதனைத் தோற்றுவித்தவர் கே.வி. ரமணி. வழிகாட்டும் நெறிமுறைகளுக்கான நிரல்களை எழுதி, கருவி செய்யும் அயல்நாட்டு நிறுவனங்களுக்கு உரிமம் வழங்குவது அதன் தொழில். பெட்டியின்மேல் வேறு பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே வழிகாட்டும் நிரலோ சென்னையில் எழுதப்பட்டதாக இருக்கும். பெயர் வெளித்தெரியாத இவ்வுழைப்பு உலக இணையத்தின் அடித்தளத்தில் கலந்துள்ளது.

தெரிந்து தெளிவோம்

தொடக்கக் காலத் திசைவிகளின் மென்பொருள் ஒரே பெரும் நிரலாக அமைந்திருந்தது. ஒரு பகுதி பழுதுற்றால் கருவி முழுவதும் நின்றுவிடக்கூடும். 1998இல் வெளிவந்த ஜூனோஸ், பணிகளைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்து இயக்கியது. 2016இல் வெளியிடப்பட்ட சோனிக் என்பது லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட, யாவரும் படித்துத் திருத்தத்தக்க திறந்தமூல இயக்க அமைப்பாகும்.

காப்பும் கடமையும்

வழிகாட்டியே ஏமாந்தால் பயணி என் செய்வான்? 2016இல் மிராய் என்னும் தீநிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கண்காணிப்புக் கருவிகளையும் வீட்டுத் திசைவிகளையும் கைப்பற்றியது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை உரிமையாளர்கள் மாற்றாமல் விட்டதே அதற்கு வாயிலாயிற்று. 2017இல் இந்தியாவிலும் அதே காரணத்தால் பல்லாயிரம் மோடம்கள் செயலிழந்தன. கடவுச்சொல்லை மாற்றுதலும், மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தலும் வல்லுநர்க்கு மட்டுமன்றி ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய கடமைகளாம்.

மென்பொருளுக்கு எல்லையும் உண்டு. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பெய்தது. அடையாற்றின் பெருவெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தது. மின்சாரம் நின்றது, கைப்பேசிகள் பல அடங்கின. உறவினர் நிலையறியாது வெளியூரிலிருந்தோர் கலங்கினர். மாற்றுவழி காணும் அறிவு மென்பொருளுக்கு உண்டு. ஆனால், மாற்றுவழி ஒன்று இருந்தாலன்றோ அதனைக் காண இயலும்? இரண்டாம் இணைப்பையும், வெள்ளம் எட்டாத உயரத்தையும், மாற்று மின்சாரத்தையும் முன்கூட்டியே அமைத்து வைப்பது மனிதர் பொறுப்பு. கருவியில் செய்த மாற்றங்களை உடனுக்குடன் சேமித்து வைத்தலும் இன்றியமையாதது. சேமிக்காதவை மின்தடையோடு மறைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாமல் பணிசெய்யும் இம்மென்பொருளை நன்னிலையில் பேணுவது, ஊரின் ஏரியையும் கால்வாயையும் பேணுவது போன்றது. நீர் வருமுன் கரையைச் செப்பனிட்டவரே வெள்ளத்தில் பிழைப்பர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் உள்ள வலையமைப்புக் கருவிகளைப் பார்வையிட்டு, ஒவ்வொன்றின் பணியையும் எழுதுக.
2. 'பேரிடர்க் காலத்தில் தகவல் தொடர்பு' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.