மாரிக்கு முன் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி

இறுதிப் போரில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்துவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இன்று உறுதியின் ஸ்கான் பிரதி, வெளிநாட்டிலிருந்து வரும் அற்றோணித் தத்துவம், சங்கத்தின் நிதிக் கடிதங்கள் எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்றவற்றில் அஞ்சல் பார்ப்பவர்கள் அதைப் பிரதி எடுத்து வைப்பதற்காக இந்தக் குறிப்புகள்.

1. உங்கள் கணக்கு பொப் முறையா, ஐமப் முறையா என்று கணக்கு அமைப்பில் பாருங்கள். பொப் என்றால், கடிதம் கணினிக்கு இறங்கிய பின் சேர்வரிலிருந்து அழிக்கப்பட்டிருக்கலாம். அப்போது உங்களிடம் இருப்பதுதான் ஒரே பிரதி. ஐமப் என்றால் கடிதம் சேர்வரிலும் இருக்கும். ஆனாலும் ‘லோக்கல் போல்டர்ஸ்’ பகுதிக்கு நீங்கள் நகர்த்திய கடிதங்கள் கணினியில் மட்டுமே உள்ளன.

2. தண்டர்பேர்டில் ‘ஹெல்ப்’ மெனுவுக்குள் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்பர்மேஷன்’ இருக்கிறது. அதில் ‘புரொபைல் போல்டர்’ என்பதற்கு நேரே உள்ள ‘ஓப்பன் போல்டர்’ பொத்தானை அழுத்துங்கள். போல்டர் திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்தப் போல்டரை முழுதாகப் பிரதி எடுங்கள். முகவரிப் புத்தகமும் சேமித்த பாஸ்வேட்களும் கூடவே வரும். ஆகவே அந்தப் பிரதியைக் கண்டவர் கையில் கொடுக்கவே கூடாது.

3. பழைய வகை அவுட்லுக்கில் பிஎஸ்டி என்று முடியும் பைலைத் தேடுங்கள். பெரும்பாலும் ‘டொக்கியூமன்ட்ஸ்’ போல்டரில் ‘அவுட்லுக் பைல்ஸ்’ என்பதற்குள் இருக்கும். ஓஎஸ்டி என்று முடிந்தால் அதை அப்படியே பிரதி எடுத்துப் பயனில்லை. ‘இம்போர்ட்/எக்ஸ்போர்ட்’ வழியாகப் பிஎஸ்டியாக மாற்றி எடுங்கள்.

4. கணினியைத் திருத்தக் கொடுக்கும்போதுதான் அதிகம் இழக்கிறோம். “விண்டோஸ் புதுசாப் போடோணும், தேவையானதை எடுத்து வைக்கிறன்” என்பார் கடைக்காரத் தம்பி. டெஸ்க்டொப்பையும் படங்களையும் எடுத்து வைத்துவிட்டு ‘சி’ பகுதியை போமற் செய்வார். தண்டர்பேர்டின் அஞ்சல் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்திருக்கும் போல்டருக்குள் இருப்பதால் அது அவர் கண்ணில் படாது. அவர் மேல் குற்றம் இல்லை, நாம்தான் சொல்ல வேண்டும். “தம்பி, இதுக்குள்ள மெயிலும் கிடக்கு” என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியே கொடுங்கள். அதைவிட நல்லது, நீங்களே பிரதி எடுத்துவிட்டுக் கொண்டுபோவது.

5. பென்ட்ரைவ் ‘பாட் 32’ முறையில் இருந்தால் 4 ஜிபியை விடப் பெரிய ஒற்றைப் பைல் அதில் ஏறாது. பல வருட அஞ்சல் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். ‘எக்ஸ்பாட்’ அல்லது ‘என்டிஎப்எஸ்’ முறையில் போமற் செய்த வெளி ஹாட் டிஸ்க் நல்லது.

6. கரண்ட் அடிக்கடி போகும் நாளில் மேசைக் கணினியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். யூபிஎஸ் இருந்தால் பரவாயில்லை.

7. பிரதி எடுத்து முடிந்ததும் ஹாட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் முகில் சேவையை, பைல்களைப் பூட்டிவிடும் ரான்சம்வேர் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பில் இருந்த பிரதியையும் அந்த வைரஸ் பூட்டிவிட்டது. இணைப்பில் இல்லாத பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், எந்நேரமும் கணினியில் செருகிக் கிடக்கும் நமது டிஸ்க்கை நம்ப முடியாது.

8. இரண்டாவது பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. கணினியும் டிஸ்க்கும் ஒரே அலுமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். வவுனியா நகரிலோ யாழ்ப்பாணத்திலோ நம்பிக்கையான உறவினர் இருந்தால் ஐப்பசி பிறக்குமுன் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.

9. பிரதி திறக்கிறதா என்று பாருங்கள். தண்டர்பேர்ட் உள்ள வேறொரு கணினியில் புதிய புரொபைல் உருவாக்கும்போது, ‘சூஸ் போல்டர்’ மூலம் இந்தப் போல்டரைக் காட்டலாம். சோதனைக்கு இன்னொரு பிரதியையே பயன்படுத்துங்கள். முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள், இல்லையேல் பொப் கணக்கின் புதிய கடிதங்கள் அந்தக் கணினியில் இறங்கிவிடும். ஏதாவது போல்டர் வெறுமையாகத் தெரிந்தால், அதன் ‘புரொபர்ட்டீஸ்’ பகுதியில் உள்ள ‘ரிப்பேர் போல்டர்’ பொத்தானை அழுத்துங்கள். பழுதானது கடிதங்களின் அட்டவணைப் பைல் மட்டும் என்றால் கடிதங்கள் திரும்பத் தெரியும்.