விலைச்சீட்டில் வராத கூலி

ஹைதராபாத்தில் போலாரம் கன்டோன்மென்ட் பக்கம் பண்டிகைக்குத் துணி எடுக்கும் தமிழ்க் குடும்பமானாலும், திருப்பூரிலேயே வாங்குகிறவரானாலும், பலருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: சட்டை விலை கூடினால் தைத்தவருக்கும் கூலி கூடியிருக்கும். அப்படியில்லை. ஃபேர் வேர் என்ற அமைப்பு 29 யூரோவுக்கு விற்கும் ஒரு டி-சர்ட்டின் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. தைத்தவர் கைக்குப் போனது 18 சென்ட். நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் துணி ஃபேக்டரிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அங்கே மலிவுக்குப் பேர்போன பிரைமார்க்குக்கும் துணி தைத்தார்கள், விலை கூடிய பெனட்டனுக்கும் தைத்தார்கள்.

சரி, சான்றிதழ் இருக்கிற ஃபேக்டரி என்றால்? கராச்சியின் அலி எண்டர்பிரைசஸுக்குத் தொழிலாளர் நலனுக்கான எஸ்.ஏ.8000 சான்றிதழ் கிடைத்தது 2012 ஆகஸ்டில். செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்து, வெளியேற வழியில்லாமல் 250 பேருக்கும் மேல் மாண்டார்கள். சொல்லிவிட்டு வரும் ஆடிட்டருக்கு எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும்.

ஆர்கானிக், ஃபேர்டிரேட் பருத்தி என்றாலும் பாதிக் கதைதான். ஹைதராபாத்திலிருந்து இயங்கும் சேத்னா ஆர்கானிக் தெலங்கானா, ஒடிசா, மகாராஷ்டிரப் பருத்தி விவசாயிகளோடு நல்ல வேலை செய்கிறது. ஆனால் பருத்திக்குக் கொடுக்கும் ஃபேர்டிரேட் முத்திரை பஞ்சுக்கு உத்தரவாதம். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவரின் சம்பளத்துக்கு அல்ல.

தெரு டெய்லரிடம் கொடுத்தால் நியாயமாக நடக்கும் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். கடையில் அளவெடுப்பவர் ஒருவர். ஹெம்மிங் செய்வதும் புடவைக்கு ஃபால்ஸ் வைப்பதும் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள், பீஸ் ரேட்டுக்கு. பீஸ் ரேட்டானாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஃபேக்டரிக்கே அரிதாக வரும் இன்ஸ்பெக்டர் வீட்டுத் திண்ணைக்கா வரப்போகிறார்?

கடைசி நம்பிக்கை: கெட்ட கம்பெனியின் சரக்கைத் தடுத்துவிட்டால் போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் ஃபேக்டரியில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையானார். கொன்றது அவருடைய சூப்பர்வைசர். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடவில்லை. ஏசியா ஃப்ளோர் வேஜ் அலயன்ஸ் முதலிய அமைப்புகளோடு சேர்ந்து, நாச்சியின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸை 2022 ஏப்ரலில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தது. வாங்குகிற எச்&எம் கையெழுத்திட்டது; பிறகு கேப், பி.வி.ஹெச். ஈஸ்ட்மேன் வாக்கு மீறினால் ஆர்டரைக் குறைக்க இந்த பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்பட்டிருந்தன. வேலை செய்யும் இடத்திலேயே யூனியன் தேர்ந்தெடுத்த கண்காணிப்பாளர்கள். பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாடும் புகார்ப் பட்டியலில் இருந்தது. முதல் ஆண்டில் வந்த புகார்கள் 185, தீர்ந்தவை 182.

அதே 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை நாச்சியின் துணிகளைத் தடுத்தது. தடை நீண்டிருந்தால் முதலில் வேலை போயிருப்பது அந்தப் பெண்களுக்குத்தான். ஒப்பந்தத்தால் நடந்த மாற்றங்களைக் காட்டிய பிறகு செப்டம்பரில் தடை நீங்கியது.

கையெழுத்திட்ட அந்த மூன்றும் வெளிநாட்டு பிராண்டுகள். நம் கடைகளில் தொங்கும் உள்நாட்டு பிராண்டு ஒன்றின் பெயர்கூட அந்த ஒப்பந்தத்தில் இல்லை.