ஆடுவோனே தலைவன்

கதை கேட்பதில் மக்களுக்குள்ள வேட்கை அளவிறந்தது. கானகத்தில் அலையும் தலைவனோடு கேட்போர் உள்ளமும் அலைகிறது. அவன் புண்பட்டால் அதுவும் புண்படுகிறது. ஆயினும் அவன் தவறான வழியில் திரும்பும்போது, ‘அவ்வழி வேண்டா’ என்று தடுக்கும் உரிமை கேட்போர்க்கு இல்லை. கதை எழுதியபடியே நடந்து முடிகிறது. அவ்வுரிமையைக் கேட்போர் கையிலேயே கொடுத்த விளையாட்டு வகை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்று அதனைக் கூறலாம். அவ்வகையுள் ஜப்பானியர் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றது ‘டிராகன் குவெஸ்ட்’ ஆகும். டிராகன் என்பது தீயுமிழும் சிறகுடைய பெருநாகம். குவெஸ்ட் என்பது அரும்பொருள் ஒன்றைத் தேடிச் செல்லும் பயணம். 1986-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வரிசை 2017-ஆம் ஆண்டிற்குள் பதினொரு பெருங்கதைகளாக வளர்ந்தது. எல்லாம் சேர்ந்து எட்டுக் கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றுள்ளன.

இதன் வேர் அமெரிக்க நாட்டில் உள்ளது. 1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டனர். நண்பர் சிலர் மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வாள்வீரராகவும் மந்திரவாதியாகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு, பகடை உருட்டி வெற்றி தோல்வியை அறிவர். 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ என்னும் இரண்டும் இம்முறையைக் கணினித் திரைக்குக் கொண்டு வந்தன. அவை சுவை மிக்கவை. எனினும் எளியவை அல்ல. விதிகளை விளக்கும் கையேட்டைப் படித்தறிதல் வேண்டும். நிலவறைகளில் வழி தப்பாமல் இருக்கக் கட்டமிட்ட தாளில் தாமே வரைபடம் வரைந்துகொள்ளுதல் வேண்டும். கணினி வாங்கும் வளமும் அதனோடு பழகும் ஓய்வும் உடைய சிலர்க்கே அவ்வின்பம் கிட்டியது.

யூஜி ஹோரீ என்பவர் 1954-ஆம் ஆண்டு ஜப்பானின் அவாஜித் தீவில் பிறந்தார். படக்கதை வரைவோராக வேண்டும் என்பது அவர்தம் இளமைக் கனவு. அது கைகூடவில்லை. வசேதா பல்கலைக்கழகத்தில் பயின்றபின் இதழ்களுக்கு எழுதும் தொழிலை மேற்கொண்டார். கணினி ஒன்றை வாங்கி நிரல் எழுதவும் தாமே பழகினார். எனிக்ஸ் என்னும் நிறுவனம் 1982-ஆம் ஆண்டு அறிவித்த போட்டிக்கு டென்னிஸ் விளையாட்டு ஒன்றை அமைத்தனுப்பிப் பரிசும் பெற்றார். அப்போட்டியில் பரிசு பெற்ற மற்றொருவர் கோயிச்சி நகமுரா. அவர் அப்போது பள்ளி மாணவர். இவ்விருவரும் 1983-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றபோது ‘விசார்ட்ரி’யைக் கண்டனர், கண்டதும் அதில் ஆழ்ந்தனர். இத்தகைய விளையாட்டை நம் நாட்டுச் சிறுவர் ஆடுதல் கூடாதோ என்ற எண்ணம் ஹோரீயின் உள்ளத்தில் முளைத்தது.

அந்நாளில் ஜப்பானிய இல்லங்களில் பரவியிருந்தது நின்டென்டோ நிறுவனத்தின் பாமிகாம் என்னும் விளையாட்டுப் பொறி. தொலைக்காட்சிப் பெட்டியோடு அதனை இணைத்து ஆடுவர். கையில் பற்றும் கருவியில் திசை காட்டும் விசை ஒன்றும் பொத்தான் சிலவுமே இருந்தன. அப்பொறிக்கென அமைந்த விளையாட்டுகளுட் பெரும்பாலானவை கைவிரைவை நம்பியவை. தாவ வேண்டும், சுட வேண்டும், கண்ணிமைக்கும் பொழுது தாழ்த்தாலும் தோல்விதான். விரைவில்லாத கையினர் நூறு முறை முயன்றாலும் தொடங்கிய இடத்திலேயே நிற்பர். ஹோரீ இத்தகையோரைக் கருதியே தம் விளையாட்டை அமைத்தார் எனலாம். அதில் பகைவன் எதிர்ப்பட்டால், ‘தாக்கு’, ‘மந்திரம்’, ‘ஓடு’ என்பன போன்ற சொற்கள் திரையில் தோன்றும். ஆடுவோன் எண்ணிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு நாழிகை எண்ணினாலும் பகைவன் காத்து நிற்பான்.

முதற்கதையின் தொடக்கம் ஆசிரியத் தொழில் புரிவோர் கருதத்தக்கது. விளையாட்டு அரசன் கொலுமண்டபத்தில் தொடங்குகிறது. அறையின் கதவு பூட்டியிருக்கிறது. அரசனோடு உரையாடி முடித்தபின், அங்குள்ள பேழைகளைத் திறந்தால் பொன்னும் தீவட்டியும் ஒரு திறவுகோலும் கிடைக்கும். அத்திறவுகோலால் கதவைத் திறந்து, படிக்கட்டில் இறங்கினால் வெளியே செல்லலாம். உரையாடுதல், எடுத்தல், திறத்தல், இறங்குதல் ஆகிய நான்கையும் செய்யாமல் எவரும் அவ்வறையைக் கடத்தல் இயலாது. கையேட்டைத் தொடாத சிறுவனும் அறையை விட்டு நீங்குவதற்குள் ஆட்டத்தின் அடிப்படைகளைக் கற்றுவிடுகிறான். கற்பிக்கப்பட்டோம் என்பதையும் உணரான்.

கோட்டைக்கு வெளியே வந்தால் நீர்ப்பரப்பிற்கு அப்பால் மற்றொரு கோட்டை தெரிகிறது. அதுவே பகைவனாகிய நாகவேந்தன் உறையும் இடம். கண்ணுக்கு அண்மையில் உள்ளது. காலுக்கோ மிகத் தொலைவில் உள்ளது. அதனை அடைய நாடு முழுவதும் சுற்றிவர வேண்டும். சுவர் எழுப்பி வழியை அடைக்கவில்லை. பாலங்களைக் கடக்குந்தோறும் விலங்குகளின் வலிமை மிகுகிறது, அவ்வளவே. முதலில் எதிர்ப்படுவது ஸ்லைம் என்னும் சிற்றுயிர். ஒன்றை வென்றால் பட்டறிவுப் புள்ளி ஒன்று கிடைக்கும். ஏழு புள்ளி சேர்ந்தால் வீரன் இரண்டாம் படிக்கு உயர்கிறான். வலிமையும் உயிராற்றலும் வளர்கின்றன. இவ்வாறு முப்பது படிகள் உண்டு. நேற்று அஞ்சி ஓடிய விலங்கை இன்று ஒரே வீச்சில் வீழ்த்தும்போது ஆடுவோன் கொள்ளும் களிப்பே இவ்விளையாட்டின் உயிர்நிலை. வீரன் வீழ்ந்துபட்டாலும் ஆட்டம் முடிவதில்லை. அரசன் திருமுன் மீண்டும் எழுகிறான். கையிருந்த பொன்னிற் பாதி போய்விடும். பெற்ற பட்டறிவு சிறிதும் குறையாது.

ஒரே புல்வெளியில் சுற்றிச் சுற்றிச் சிற்றுயிர்களை அடித்துக்கொண்டிருப்பது பயனில் உழைப்பு என்று இகழ்வோரும் உளர். அவ்விகழ்ச்சியில் ஓரளவு உண்மை உண்டு. மணிக்கணக்கில் அதனையே செய்வது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் முயற்சியின் அளவிற்குத் தக்க ஊதியம் தவறாமல் வந்து சேரும் இடம் உலகில் அரிது. தேர்விலும் ஓட்டத்திலும் பின்தங்கிய சிறுவன் ஒருவன் அங்கே அவ்வுறுதியைக் கண்டான்.

இத்துணையும் அடங்கிய இடத்தின் அளவு வியப்புக்குரியது. முதற்கதை முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அமைந்தது. இக்காலக் கைப்பேசி எடுக்கும் நிழற்படம் ஒன்று அதனினும் பன்மடங்கு இடங்கொள்ளும். ஜப்பானிய மொழிக்குரிய கத்தகானா எழுத்துகள் அனைத்தையும் வைக்க இடமில்லை. ஆகவே ஏறத்தாழ இருபது எழுத்துகளை மட்டும் தேர்ந்துகொண்டு, அவற்றால் ஆகும் பெயர்களையே விலங்குகளுக்கும் மந்திரங்களுக்கும் ஹோரீ சூட்டினார். இன்னின்ன எழுத்துகளாலேயே பாடுக என்று வரம்பிட்டுச் சித்திரகவி பாடிய நம் புலவர்க்கு அத்தொல்லை நன்கு விளங்கியிருக்கும்.

ஆட்டத்தை இடையில் நிறுத்தினால் அதனைப் பதித்துவைக்கவும் அப்பொறியில் வழியில்லை. அதனால் அரசன் ‘உயிர்ப்பு மந்திரம்’ ஒன்றைச் சொல்வான். அது பொருளற்ற இருபது எழுத்துக் கோவை. அதனைத் தாளில் எழுதிவைத்து மறுநாள் பிழையின்றி இட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டாம் கதையில் இக்கோவை ஐம்பத்திரண்டு எழுத்துவரை நீண்டது. மங்கலான தொலைக்காட்சித் திரையில் ‘ப’கர ஒலிகளைக் குறிக்கும் இருவகை எழுத்துகள் வேறுபாடு தோன்றாமல் மயங்கின, ஒன்றில் இரு கோடு, மற்றொன்றில் சிறு வட்டம். ஓரெழுத்துப் பிழையால் பல நாள் உழைப்பை இழந்து அழுத பிள்ளைகள் எத்துணையர்! மூன்றாம் கதையில் மின்கலத்தின் துணையால் ‘பயண நூல்’ என்னும் பதிவேடு அமைந்தது. அதுவும் சிற்சில வேளை அழிந்துபடும். அப்போது ஓர் அவல இசையோடு அச்செய்தி திரையில் தோன்றும்.

ஓவியம் அகிரா தொரியாமாவின் கைவண்ணம். ‘டாக்டர் ஸ்லம்ப்’, ‘டிராகன் பால்’ ஆகிய படக்கதைகளால் அவர் முன்னமே புகழ் பெற்றிருந்தார். ஸ்லைமைக் குழைசேறாகவே ஹோரீ குறித்துக் கொடுத்தார். தொரியாமா அதனை நீர்த்துளி வடிவில் வரைந்து, அகன்ற கண்ணும் புன்முறுவலும் சேர்த்தார். பகையாக வந்த அச்சிற்றுயிர் பின்னர் அவ்வரிசைக்கே சின்னமாயிற்று. இசையமைத்த கோயிச்சி சுகியாமா ஐம்பது வயதைக் கடந்தவர். தொலைக்காட்சிக்கும் மெல்லிசைக்கும் பல காலம் இசையமைத்தவர். எனிக்ஸ் நிறுவனத்தின் ஜப்பானியச் சதுரங்க விளையாட்டை ஆடிப் பார்த்து, கருத்துத் தாளை நிரப்பி அனுப்பினார். அதிலிருந்த பெயரைக் கண்டு திகைத்தவர்களே அவரை நாடி வந்தனர். முகப்பிசையை ஐந்து நிமிடத்தில் அமைத்ததாக அவர் கூறியதுண்டு; அதனோடு தம் ஐம்பத்து நான்கு ஆண்டு வாழ்வையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது அவர் கருத்து. சில ஒலிகளையே எழுப்பவல்ல பொறிக்கென எழுதிய அவ்விசையை 1987-ஆம் ஆண்டு முதலே பேரிசைக் குழுக்கள் அரங்கில் இசைத்தன.

1986-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் வெளிவந்த முதற்கதை தொடக்கத்தில் மெல்லவே விற்றது. ஹோரீ எழுதிவந்த ‘ஷோனென் ஜம்ப்’ என்னும் சிறுவர் வார இதழ் அதனை விளக்கி எழுத எழுத விற்பனை ஓங்கிப் பதினைந்து இலட்சத்தை எட்டியது. மூன்றாம் கதை 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. அன்று புதன்கிழமை. கடைகளின்முன் விடியுமுன்பே நீண்ட வரிசை நின்றது. அவ்வரிசையில் பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகளும் பலர் நின்றனர். முதல் நாளிலேயே பத்து இலட்சத்திற்கு மேல் விற்றுத் தீர்ந்தது. பள்ளி நாளில் இவ்விளையாட்டை வெளியிடலாகாது என்று அரசு சட்டம் இயற்றியதாகப் பிற நாட்டார் இன்றும் பேசுவர். அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. எழுந்த குறைகூறலை எண்ணி, நான்காம் கதையை 1990-ஆம் ஆண்டு ஓர் ஞாயிற்றுக்கிழமையில் நிறுவனமே வெளியிட்டது.

மூன்றாம் கதை அவ்வாரவாரத்திற்குத் தகுதியுடையதே. பதினாறாம் பிறந்தநாளில் வீடு நீங்கும் வீரன், துணைவர் மூவரோடு உலகெலாம் சுற்றுகிறான். முடிவில் அவனுக்கு ‘ரோத்தோ’ என்னும் பட்டம் சூட்டப்படுகிறது. முதலிரு கதைகளில் பேசப்பட்ட தொன்முதல்வன் பெயர் அதுவே. அறியாத மூதாதையின் கதையைக் கேட்டு வளர்ந்த ஆடுவோன், அம்மூதாதை தானே என்று அப்போது உணர்கிறான். இதற்கெல்லாம் இடம் வேண்டி, முகப்புப் படத்தையும் முகப்பிசையையும் நீக்கிவிட்டனர். பொறியை இயக்கினால் கருந்திரையில் பெயர் மட்டும் தோன்றும்.

அமெரிக்காவில் 1989-ஆம் ஆண்டு ‘டிராகன் வாரியர்’ என்ற பெயரோடு முதற்கதை வெளிவந்தது. மொழிபெயர்த்தோர் மாந்தரைச் சேக்சுபியர் காலத்து ஆங்கிலத்தில் பேசவைத்தனர். சிறுவர்க்கு அது கடுநடையே. ஆயினும் பழங்கதைக்குப் பழமொழி நடை பொருந்திற்று. அந்நாட்டில் வரிசை பெரும்புகழ் எய்தவில்லை. 2003-ஆம் ஆண்டு எனிக்ஸ் ஸ்குவேர் நிறுவனத்தோடு இணைந்தது. 2009-இல் வந்த ஒன்பதாம் கதையில், பொறியைச் சட்டைப்பையில் இட்டுத் தெருவில் எதிரெதிர் நடப்போர் தம்முள் அறியாமலே புதையல் வரைபடங்களைப் பரிமாறிக்கொண்டனர். 2012-இல் வந்த பத்தாம் கதையை இணையத்தின்வழிப் பலர் கூடி ஆடினர். 2021-ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், நாடுகளின் அணிவகுப்பு இவ்வரிசையின் முகப்பிசையோடு தொடங்கியது. சுகியாமா அவ்வாண்டிலேயே மறைந்தார்; தொரியாமா 2024-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் மறைந்தார். மூன்றாம் கதை 2024-இலும், முதலிரண்டும் 2025-இலும் புதுவடிவில் வெளிவந்தன.

இக்கதைகளில் தலைவன் பேசுவதில்லை. அவனுக்குப் பெயரிடுபவன் ஆடுவோன். ஆதலின் அவன் வாயில் சொல் இட ஹோரீ விரும்பவில்லை. நாகவேந்தன் இறுதியில் உலகிற் பாதியைத் தருவதாக ஆசை காட்டும்போது, ஆம் என்பதும் இல்லை என்பதும் ஆடுவோன் விருப்பம். ஆம் என்றால் கதை இருளில் முடிந்துவிடும்.

இவ்வமைதியின் ஆற்றல் 1992-இல் வெளிவந்த ஐந்தாம் கதையில் முழுமையாக விளங்குகிறது. தலைவன் அதில் சிறுவனாகத் தந்தையின் பின் நடக்கிறான். பகைவர் சிறுவனைப் பிணையாகப் பற்றிக்கொள்கின்றனர். வெல்லும் வலிமை இருந்தும், மகன் உயிரை எண்ணித் தந்தை அடிகளைத் தாங்கி நின்று மடிகிறான். அப்போது ஆடுவோன் கையிலுள்ள பொத்தான்கள் எவ்வுதவியும் செய்யா. பத்தாண்டு அடிமை வாழ்வு கழித்துத் தப்பிய தலைவன், உலகைக் காக்கும் வீரனுக்கே உரிய வாளைத் தேடிக் காண்கிறான். ஆனால் அது அவனுக்கு வசப்படவில்லை. மணம் புரிந்து இரட்டை மக்களைப் பெற்றபின் கல்லுருவாகி எட்டாண்டு கிடக்கிறான். அவனைத் தேடிவந்து மீட்கும் மகன் கையிலேயே அவ்வாள் அடங்குகிறது. தானே வீரன் என்றெண்ணி ஆடிவந்தவன், வீரனின் தந்தை தான் என்பதை அறியுமிடம் இது. காப்பியச் சுவை அறிந்தார் எவரும் இவ்விடத்தை எளிதிற் கடந்து செல்லார்.

இக்கதையின் நடுவே ஒரு தேர்வு உண்டு. இளமையில் உடன் திரிந்த பியாங்கா ஒருத்தி. செல்வர் மகளாகிய அடக்கமுடைய புளோரா ஒருத்தி. எவரை மணப்பது என்று முடிவு செய்ய ஓர் இரவு தரப்படுகிறது. ஊரார் உறங்கும் அவ்விரவில் ஆடுவோன் வீடுவீடாக நடந்து இருவரையும் கண்டு பேசலாம். விடிந்ததும் ஒருத்தியிடம் சொல்லியாக வேண்டும். அவருள் யாரை மணப்பது முறை என்ற வழக்கு ஜப்பானியரிடையே இன்றும் தீரவில்லை.