ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மொழிபெயர்ப்பைப் படித்து முடித்தேன். பேச்சு வழக்கெல்லாம் உயிரோடு இருக்கிறது. ஆனால், ஆங்கில மூலத்தில் ஒளி வருகிற இடமெல்லாம் உன் தமிழில் 'மின்னியது' அல்லது 'பிரகாசித்தது'. க்ளோ, க்ளீம், க்ளிண்ட், கிளிட்டர், ஷிம்மர் எல்லாவற்றுக்கும் அகராதி ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் தரும். நீ குடியிருக்கும் ஜீடிமெட்லா தொழிற்பேட்டை அவற்றைத் தனித்தனியாகக் காட்டும்.

உலையில் காய்ந்த இரும்பைப் பார். அந்த ஒளி இரும்பின் சொந்த ஒளி. திடப்பொருள் எதுவானாலும் ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸில்தான் மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் என்று 1847இல் ஜான் வில்லியம் டிரேப்பர் எழுதினார். சூடு ஏற ஏறச் சிவப்பு மஞ்சளாகி வெளுக்கும். இது க்ளோ, நமக்குக் கனல்வது. அதே இரும்பு ஆறி, லேத்தில் கடைந்து மெருகேறிய பின் பளபளக்கிறதே, அந்த ஒளி கூரையில் எரியும் ட்யூப் லைட்டுடையது. அது க்ளீம். கடைசலில் சுருண்டு விழும் இரும்புச் சுருள் ஒன்று சட்டென்று பளிச்சிட்டால் க்ளிண்ட். தரையில் குவிந்த சுருள்கள், நீ நடக்க நடக்க இங்கொன்றும் அங்கொன்றுமாய் மினுமினுத்தால் கிளிட்டர்.

ஷிம்மருக்கு மாலையில் ஃபாக்ஸ் சாகர் ஏரிக்கரைக்குப் போ. காற்றில் நீர் நெளிய, அதன்மேல் விழும் வெயிலும் நெளியும். இதற்கு ஒற்றைச் சொல் தேடி அலையாதே. 'நீரில் வெயில் நெளிந்தது' என்று எழுது, போதும்.

ஆங்கிலம் கேட்காத சிலவற்றைத் தமிழ் கேட்கும். 'தகதக'வுக்குள் நெருப்பின் நிறம் இருக்கிறது. பொன்னும் தீயும் தகதகக்கும். வெள்ளிக் குடம் தகதகத்தது என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அதனால் பொருளின் நிறத்தையும் தெரிந்துகொண்டு சொல்லைத் தொடு. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. நம் மொழிபெயர்ப்புகளில் வாசகர் காட்சியைத் தவறவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாம் அத்தியாயத்தில் கிழவரின் கண்கள் 'பிரகாசித்தன' என்று எழுதியிருக்கிறாய். மூலத்தில் இருப்பது கிளிஸன், ஈரத்தின்மேல் படும் ஒளி. மகன் கிளம்புகிற நேரம் அது. அவர் மகிழவில்லை, தம்பி. கண் கலங்கி நிற்கிறார். அந்தப் பக்கத்தை முதலில் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்