இந்த ஊருக்கு முதலில் வந்தவர் யார்?

குடும்ப மரம் வரையச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் தந்தைவழிப் பெயர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'உங்கள் வீட்டில் இந்த ஊருக்கு முதலில் வந்தவர் யார்? எதற்காக வந்தார்?'

1928இல் நாகப்பட்டினம் ரயில்வே பணிமனை திருச்சி பொன்மலைக்கு மாறியது. வேலையோடு குடும்பங்களும் வந்தன. 1946 செப்டம்பர் 5 அன்று, தொழிலாளர் போராட்டத்தின்போது அங்கு நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். பொன்மலை மாணவரின் கொள்ளுத்தாத்தா அந்தப் போராட்டத்தில் நின்றவராக இருக்கலாம். ஸ்ரீரங்கத்தில் கோயில் பணியோ பூக்கட்டுதலோ, உறையூரில் தறியோ சுருட்டோ விடையாக வரலாம்.

வீட்டில் கேட்டதைப் பழைய பத்திரம், பணிச்சான்று, புகைப்படத்தோடு ஒப்பிடச் செய்யுங்கள். இரண்டும் வேறுபட்டால் இரண்டையும் எழுதட்டும். சான்றுகளை எடைபோடுவதே வரலாற்றுப் பாடம்.

சாதியைக் கேட்க வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இல்லாத குழந்தை பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்கலாம். சிறை, கடன், பிரிவு போன்றவை தெரியவந்தால் வகுப்பில் வாசிக்க வற்புறுத்தாதீர்கள். எதைப் பகிர்வது என்பதை அந்தக் குழந்தையே முடிவு செய்யட்டும்.